இழுவை குறைந்த வண்டி: டர்போதான் பழுதா?

கீரனூர்ப் பக்கத்திலிருந்து தக்காளி, வெங்காயம் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் டீசல் சரக்கு வண்டிகள் பலவற்றில் இன்று டர்போ சார்ஜர் உள்ளது. பாரம் ஏற்றியதும் வண்டி இழுக்க மறுத்தால், "டர்போ போய்விட்டது" என்ற சொல் பட்டறையில் சட்டென்று வந்துவிடுகிறது. புதிது மாற்றுவது பெருஞ்செலவு. ஆகவே உழவர்கள் முதலில் தாமே சிலவற்றைப் பார்த்தறிதல் நலம்.

சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பியூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழலும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும். தண்டு நிமிடத்திற்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

இழுவை குறைந்து கரும்புகை வந்தால் என்ஜினுக்குக் காற்று போதவில்லை என்று பொருள். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். நம் மண்சாலைப் புழுதியில் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். அடுத்து, டர்போவிலிருந்து என்ஜினுக்குச் செல்லும் ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள். கிளிப் தளர்ந்த இடத்திலும் வெடித்த இடத்திலும் எண்ணெய்ப் பிசுக்குடன் புழுதி அப்பியிருக்கும். பாரத்தில் 'உஸ்' என்ற சீறல் கேட்பதும் இதனால்தான். ஒரு கிளிப்பை முடுக்கினால் தீரக்கூடிய குறைக்கு டர்போவைக் கழற்றுவானேன்?

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. அப்போதும் டர்போவை மட்டும் குற்றம் சொல்ல இயலாது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும், ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டாலும், டர்போவின் ஆயில் திரும்பும் குழாயோ என்ஜினின் மூச்சுக்குழாயோ அடைபட்டாலும் இதே புகைதான். காற்றுக் குழாயின் உள்ளே சிறிது பிசுக்கு இருப்பது இயல்பு. ஆயில் தேங்கி நின்றால் இயல்பன்று.

என்ஜின் நன்கு ஆறிய பின், டர்போவின் காற்று நுழையும் குழாயைக் கழற்றி, சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் இம்மியளவு ஆட்டம் இருக்கலாம். ஆயில் படலத்திற்கான இடம் அது. ஆனால் முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இதழ்கள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ, இதழ் முனை உடைந்திருந்தாலோ டர்போ பழுதுதான். ஓடும்போது ஊளையிடும் ஒலியும் இதனுடன் சேர்ந்து வரும்.

இந்நிலையில் வண்டியை ஓட்டுவது ஆபத்து. கசியும் ஆயில் காற்றோடு உள்ளே போனால், என்ஜின் அதையே எரித்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. அப்போது பிரேக்கை முழுதும் மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு நிறுத்த வேண்டும். காற்று வாயைக் கையால் பொத்தவே கூடாது. ஆட்களை விலக்கிவிடுங்கள்.

மாற்றியே ஆகவேண்டுமெனில், பழையது ஏன் கெட்டது என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். பெரும்பாலும் ஆயில் வராததும், அழுக்கு ஆயிலுமே காரணம். ஆயில் வரும் குழாயில் கரி அடைத்திருந்தால், புதிய டர்போவும் சில நாளில் அதே கதிதான். அக்குழாயைச் சுத்தம் செய்து அல்லது மாற்றி, ஆயிலும் ஆயில் பில்டரும் புதிதாக இட்டு, காற்றுக் குழாய்களில் உடைந்த துணுக்குகள் தங்காமல் துடைத்த பிறகே பொருத்தச் சொல்லுங்கள். முதல் முறை இயக்கும் முன் டர்போவின் ஆயில் துளையில் சிறிது ஆயில் விடவும் மறக்கக் கூடாது.