சிரித்துக் கற்ற சொற்கள்



பொருளாதாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து பக்கம் எழுதிவிடுகிறோம். ஒரு வீட்டுக்கு விருந்தாகச் சென்று நாலு வார்த்தை பேசச் சொன்னாலோ நா எழுவதில்லை. ஏன்? நாம் கற்றது ஏட்டு ஆங்கிலம். வீட்டு ஆங்கிலம் அன்று.

என் அனுபவத்தையே சொல்கிறேன். திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், ஆசிரியர் ஒருவர் எங்களைத் தேநீர் அருந்த அழைத்தார். பலகாரத் தட்டைக் காட்டி, 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்றார். 'உனக்கு நீயே உதவிக்கொள்' என்கிறாரே, என்ன பிழை செய்தோமோ என்று கலங்கி, வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன். 'வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்' என்பதே அதன் பொருள் என்று பிறகு அறிந்தேன். செய்தி விடுதிக்கும் எட்டியது, இரவெல்லாம் கேலி. அதன்பின் பல நாள் நான் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை.

இன்னொரு நாள் மலையாள நண்பன் ஒருவன், 'நல்ல அவசரமாணு' என்றான். நான் பதறி எழுந்து செருப்பைத் தேடினேன். மலையாளத்தில் 'அவசரம்' என்றால் வாய்ப்பு! அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். அச்சொல் இன்றும் மறக்கவில்லை.

ஒரு சிரிப்பு வாயை அடைத்தது. மற்றொன்று சொல்லைத் தந்தது. வேற்றுமை யாது?

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் விடை தருகிறது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தலே மடன் என்பது பேராசிரியர் உரையின் கருத்து. 'ஹெல்ப்' என்றால் உதவி, 'அவசரம்' என்றால் விரைவு என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. என் இரு பிழைகளும் மடனே. முன்னதில் எள்ளல் கலந்தது, பின்னதில் கலக்கவில்லை.

இதை மனத்திற்கொண்டு நகைச்சுவைக் காணொளித் துணுக்குகளைப் பார்க்கலாம். 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் 1977இல் தொடங்கியது. பல நாட்டார் இலண்டன் மாலை வகுப்பொன்றில் ஆங்கிலம் கற்பதே கதை. அதில் ரஞ்சித் சிங்காக நடித்தவர் இலங்கையிற் பிறந்த ஆல்பர்ட் மோசஸ். சிறு பிழைக்கும் ரஞ்சித் 'ஆயிரம் மன்னிப்பு' கேட்பார். 'சாரி' என்ற ஒரு சொல் போதும் என்பது சிரிக்கும்போதே நமக்குப் புலப்படுகிறது. எனினும், ஒவ்வொரு நாட்டாரையும் ஒரே அச்சில் வார்த்து எள்ளுகிறது என்ற கண்டனமும் அத்தொடருக்கு உண்டு. மடனைக் கொள்க, எள்ளலைத் தள்ளுக.

நான் கைக்கொள்ளும் முறை இது. மூன்று நிமிடத்துக்கு மேற்படாத காட்சியைத் தேர்ந்தெடுப்பேன். முதல்முறை எழுத்துத் துணையின்றிப் பார்ப்பேன். எங்கே பிறர் சிரிக்க நான் சிரிக்கவில்லையோ, அங்கே எனக்குத் தெரியாத சொல் இருக்கிறது! இரண்டாம் முறை எழுத்தோடு பார்த்து, மூன்றே சொற்களைக் குறித்துக்கொள்வேன். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே தவறாகப் பேசுவார்கள். ஆதலால் அகராதியைப் பாராமல் எதையும் ஏற்பதில்லை. அன்றிரவே அச்சொற்களை விடுதி உணவறையில் பேசிப் பார்த்துவிடுவேன். பேசாத சொல் தங்காது.

நண்பர்களே, புதிதாக வந்த தம்பி ஒருவன் தவறாகப் பேசினால், உங்கள் பழைய பிழை ஒன்றை முதலில் அவனுக்குச் சொல்லுங்கள். அவன் சிரிப்பான். பிறகு சரியான சொல்லைக் கொடுங்கள், வாங்கிக்கொள்வான்.