கணைய நீர்க்கட்டிகள்: வொன் ஹிப்பெல்-லிண்டாவ் நோயுள்ள குடும்பங்கள் அறிய வேண்டியவை

ஸ்கேன் அறிக்கையில் ‘கணையத்தில் பல நீர்க்கட்டிகள்’ என்ற வரியைக் கண்டதும் புற்றுநோய் என்றே கலங்கும் குடும்பங்கள் பல. கணையம், இலங்கை வழக்கில் சதையி, இரைப்பைக்குப் பின்னால் அமைந்து சமிபாட்டு நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. வொன் ஹிப்பெல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோய் உடையவர்களிடம் இத்தகைய நீர்க்கட்டிகள் மிகச் சாதாரணம். ஏறத்தாழ 36,000 பிறப்புகளில் ஒன்றில் காணப்படும் இந்நோய் கண், மூளை, முள்ளந்தண்டு, சிறுநீரகம், அதிரினல் சுரப்பி ஆகியவற்றிலும் கட்டிகளைத் தோற்றுவிக்கக்கூடியது.

நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. அவற்றின் எண்ணிக்கையைவிட அவை எதை அழுத்துகின்றன என்பதே முக்கியம். பித்தக் குழாய் அழுத்தப்பட்டால் கண்ணும் தோலும் மஞ்சளாகும். அப்போது தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். கணையத்தின் பெரும்பகுதியைக் கட்டிகள் நிறைத்துவிட்டால் மலம் எண்ணெய்ப்பசையாகி உடல் மெலியலாம். இதற்கு நொதி மாத்திரைகள் உணவோடு கொடுக்கப்படும். சிலருக்கு நீரிழிவும் ஏற்படும்.

வைத்தியர்கள் கூர்ந்து நோக்குவது திண்மக் கட்டிகளையே. அறிகுறியின்றி மெல்ல வளரும் இவற்றுள் சில ஈரலுக்குப் பரவக்கூடியவை. குறுக்களவு 3 சென்ரிமீற்றரை எட்டும்போது, வளரும் வேகத்தையும் மரபணு மாற்றத்தின் வகையையும் சேர்த்துப் பார்த்துச் சத்திரசிகிச்சை ஆலோசிக்கப்படும். சிறியவை ஸ்கேன் மூலம் கண்காணிக்கப்படும். ‘ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்’ என்று மனங்குறைப்படுவோர் உண்டு. ஆனால் கணையம் முழுவதையும் அகற்றினால் வாழ்நாள் முழுவதும் இன்சுலின் தேவைப்படும். காத்திருப்பதற்குக் காரணம் அதுவே. 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சூடிஃபான் என்னும் மாத்திரை சிலரிடம் கட்டிகளைச் சுருக்குகிறது. அது இரத்தச்சோகையை உண்டாக்கலாம். கருவிலுள்ள குழந்தைக்கும் தீங்கானது.

எந்தச் சத்திரசிகிச்சைக்கு முன்னரும், அது பல் பிடுங்குவது போன்ற சிறிதாயினும், இந்நோய் இருப்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதிரினல் சுரப்பியில் கண்டறியப்படாத கட்டி இருந்தால், மயக்கமருந்தின்போது இரத்த அழுத்தம் உயிராபத்தான அளவுக்கு உயரக்கூடும். இரத்தம் அல்லது சிறுநீர்ப் பரிசோதனையால் அதை முன்கூட்டியே அறியலாம்.

நோயுள்ள பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், இந்த மரபணு மாற்றம் செல்லும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. திருமணப் பேச்சுக் குழம்பிவிடும் என்றஞ்சி உடன்பிறந்தோரிடமிருந்தே இதை மறைப்பதுண்டு. அம்மறைப்பின் விலை பெரிது: கண் பரிசோதனை குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டியது.

மரபியல் ஆலோசனைக்குக் குடும்ப வைத்தியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குவோர் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காமல், அவுஸ்திரேலியாவின் தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற இலக்கத்தில் அழைத்துத் தமிழ் மொழிபெயர்த்துரைப்பாளரைக் கேட்கலாம்.