கழிவுநீர்ச் சுமைக் கணக்கு

புதைசாக்கடைக்குக் குழாய் பதிக்கும் முன், பொறியாளர்கள் அதன் வலையமைப்பைக் கணினியில் வரைகின்றனர். அதில் ஆள்நுழைகுழிகள் முனைகளாகவும், அவற்றை இணைக்கும் குழாய்கள் கோடுகளாகவும் அமைகின்றன. ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு கழிவுநீர் சேரும் எனக் குறிப்பதே சுமை ஒதுக்கீடு ஆகும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியில் 96,253 பேரும், திண்டிவனத்தில் 72,796 பேரும் வாழ்ந்தனர். புதைசாக்கடை உள்ள நகரில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது நடுவண் அரசின் வழிகாட்டு அளவு. அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகும். எனவே அம்மக்கள்தொகைக்குத் திண்டிவனத்தின் நாள் சுமை ஏறத்தாழ 79 லட்சம் லிட்டர். விழுப்புரத்தின் சுமை 1 கோடியே 4 லட்சம் லிட்டர்.

இத்தொகையை எல்லா முனைகளுக்கும் சமமாகப் பங்கிடுதல் பிழையாகும். விடுதிகளும் உணவகங்களும் நிறைந்த தெரு, வீடுகள் மட்டுமே உள்ள தெருவினும் மிகுதியான நீரை வெளியேற்றும். ஆதலின் இணைப்புகளை எண்ணி, அவை சேரும் முனைக்கே சுமையை அளித்தல் வேண்டும். காலையில் நீர்ப்பயன்பாடு பெருகுவதால், 20,000 பேர் வரை பயன்படுத்தும் குழாயில் உச்ச ஓட்டம் சராசரியின் மூன்று மடங்காகக் கொள்ளப்படும்.

சுமையைக் குறைத்து மதிப்பிட்டால் கழிவுநீர் தெருவில் வழியும். மிகைப்படுத்தினால் குழாய் தேவைக்குமேல் பெரிதாகி, ஓட்டம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் கீழே தளர்ந்து, கசடு படியும். அவ்வடைப்பை நீக்கக் குழிக்குள் இறங்கிய தொழிலாளர் பலர் நச்சுவளியால் உயிரிழந்துள்ளனர். பாதுகாப்பின்றி மனிதரை அவ்வாறு இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. முனைதோறும் இடப்படும் எண் சரியாக அமைவது, அச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறவும் துணைபுரியும்.