நான்கு மாதப் பள்ளியில் பயின்ற கல்லூரித் தலைவர்

பல்கலைக்கழகத்தை நடத்திச் செல்பவரை மலேசியாவில் துணைவேந்தர் என்கிறோம். ஐக்கிய அமெரிக்க நாட்டிலோ, பல்கலைக்கழகமாயினும் கல்லூரியாயினும் அதன் பொறுப்பாளரைப் பெரும்பாலும் தலைவர் என்று அழைப்பர். ஆசிரியர்களைத் தேடி அமர்த்துவதும், பொருள் திரட்டுவதும், மாணவர் ஒழுக்கத்தைக் காப்பதும் அவர்தம் கடமைகளாம். அத்தகைய தலைவர்களுள் ஒருவர் பெஞ்சமின் மேய்ஸ். ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரிலுள்ளதும், கறுப்பின இளைஞர்களுக்காக 1867ஆம் ஆண்டில் தோன்றியதுமான மோர்ஹவுஸ் கல்லூரிக்கு 27 ஆண்டுகள் தலைமை தாங்கியவர். மாணவச் செல்வங்களும் பெற்றோரும் ஒருங்கே படித்தறியத்தக்கது அவர் வரலாறு என்பதால் இங்கு எழுதுகிறோம்.

தென் கரோலைனா மாநிலத்தில் நைன்ட்டி சிக்ஸ் என்றோர் ஊர் உண்டு. தொண்ணூற்றாறு என்பதே அவ்வூரின் பெயர்! அதற்கு அணித்தான நாட்டுப்புறத்தில் 1894ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மேய்ஸ் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளுள் இளையவர். தாய் தந்தையர் இருவருமே அடிமைகளாகப் பிறந்து, உள்நாட்டுப் போருக்குப் பின் விடுதலை பெற்றவர்கள். தந்தையார் எசக்கியா பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி பயிரிட்டு, விளைந்த பருத்தியிலேயே குத்தகையைச் செலுத்திவந்தார். தாயார் லூவெனியாவுக்கு எழுத்தறிவு இல்லை.

மேய்ஸின் நினைவில் நின்ற முதல் நிகழ்ச்சி இனியதன்று. 1898ஆம் ஆண்டு நவம்பரில், தேர்தலையொட்டி அவ்வட்டாரத்தில் கறுப்பர்கள் மீது வெறியாட்டம் நிகழ்ந்தது. துப்பாக்கியேந்திய வெள்ளையர் கூட்டமொன்று குதிரைகளில் வந்து எசக்கியாவை வழிமறித்தது, வசைமாரி பொழிந்தது, தொப்பியைக் கழற்றித் தலைதாழ்த்திப் பன்முறை வணங்குமாறு பணித்தது. அவரும் வணங்கினார். நான்கு வயதுப் பாலகன் அருகில் நின்று அதனைக் கண்டான். தன்னினும் வலியவன் என்று தான் எண்ணியிருந்த தந்தை பிறர்முன் குனிவதைக் கண்ட பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆறு வயதில் பள்ளிக்குச் செல்லுமுன்னரே மூத்த தமக்கையார் சூசி, தம்பிக்கு எழுத்துகளையும் எண்களையும் கற்பித்திருந்தார். எனவே முதல் நாளே அவன் ஆசிரியரின் பாராட்டைப் பெற்றான். ஆனால் அந்த ஓரறைப் பள்ளி நவம்பர் முதல் பிப்ரவரி வரை நான்கு மாதங்களே நடைபெறும். வெள்ளைப் பிள்ளைகளுக்கோ ஆறு மாதங்கள். மார்ச்சு பிறந்ததும் உழவு தொடங்கும், பின்னர் களையெடுப்பு, இலையுதிர் காலம் முழுவதும் பருத்தி எடுப்பு. பிள்ளைகளின் பத்து விரல்களும் பருத்திக்கு வேண்டும். அவ்வேலைகள் ஓய்ந்திருக்கும் குளிர்மாதங்களே பள்ளிக்கூடத்திற்கு. பால்மரம் சீவிய குடும்பங்களில் பிறந்து, விடியுமுன் தாயுடன் காட்டுக்குச் சென்ற பிள்ளைகளை அறிந்த நம் பெற்றோருக்கு இதனை மிகுதியாக விளக்க வேண்டியதில்லை.

நிலத்தை உழும்போதும், நிலவொளியில் வயலில் தனித்திருக்கும்போதும், எவ்வாறேனும் கல்வி கிட்டவேண்டும் என்று மேய்ஸ் இறைவனை வேண்டிக்கொள்வாராம். தந்தையாரின் எண்ணமோ வேறு. கறுப்பனுக்கு நேர்மையான தொழில்கள் இரண்டே. ஒன்று உழவு, மற்றொன்று சமயப் போதனை. அவ்விரண்டிற்கும் மேற்படிப்பு வேண்டாம் என்பது அவர் துணிபு. நாம் அவரைக் கொடியவர் என்று சொல்லமாட்டோம். படித்த கறுப்பனுக்கு அன்றைய தென்னாட்டில் என்ன பரிசு கிடைக்கும் என்பதை அவர் கண்ணாரக் கண்டவர். குடும்பத்திற்கு வேலைக்கை ஒன்று குறைந்தால் குத்தகை நிலுவையாகும் என்பதையும் அறிந்தவர். எனினும் மகன் விடுவதாயில்லை. இறுதியில் சினம் பொங்கப் பத்து டாலர் தாளொன்றை மகன்மேல் வீசியெறிந்து வழியனுப்பினார்.

1911இல் ஆரஞ்ச்பர்க் நகரிலிருந்த அரசுக் கல்லூரியின் பள்ளிப் பிரிவில் மேய்ஸ் சேர்ந்தபோது அவருக்கு வயது 17. அங்கும் பிப்ரவரி முடிந்ததும் ஊருக்குத் திரும்பி ஏர்பிடிக்க வேண்டியிருந்தது. தம் 19ஆம் வயதில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, அவர் செல்லவில்லை. ஆண்டு முழுமையும் வகுப்பில் அமர்ந்து பயின்றது வாழ்நாளில் அதுவே முதன்முறை. வீட்டின் உதவி நின்றுபோகவே, நள்ளிரவில் கழிவறைகளைத் துப்புரவு செய்யும் வேலையை ஏற்றார். பின்னர்க் கோடை விடுமுறைகளில் படுக்கை வசதியுள்ள இரயில் வண்டிகளில் பணியாளராக உழைத்தார். 1916இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை வகுப்பில் முதல்வராக முடித்தார். வயதோ 21! பிந்திப் படித்தவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்காகவே இவ்வயதை எடுத்துக் காட்டுகிறோம்.

வெள்ளையரே அறிவில் உயர்ந்தவர் என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர் மேய்ஸ். அதனை நேரில் சோதித்துப் பார்க்க விரும்பி, வடகோடி மெயின் மாநிலத்திலுள்ள பேட்ஸ் கல்லூரிக்குச் சென்று, 1920இல் சிறப்புடன் தேறினார். தம் அறிவுக்குச் சான்று தேடி ஓர் இளைஞன் அத்துணைத் தொலைவு செல்லவேண்டியிருந்ததே என எண்ணும்போது நமக்கு வருத்தமே மேலிடுகிறது. அதன்பின் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் 1925இல் முதுகலைப் பட்டமும் 1935இல் முனைவர் பட்டமும் பெற்றார். இடையில் மோர்ஹவுஸில் கணிதம் கற்பித்ததும் உண்டு. 1934 முதல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சமயக் கல்விப் புலத்தின் தலைவராக விளங்கினார்.

அப்பணியில் இருந்தபோதுதான், 1936ஆம் ஆண்டின் இறுதியில், மைசூரில் கூடவிருந்த உலகக் கிறித்துவ இளைஞர் மன்ற மாநாட்டிற்காக இந்தியா சென்றார். காந்தியடிகளைக் கண்டு ஒன்றரை மணி நேரம் உரையாடினார். அறப்போர் என்பது கோழையின் ஒதுங்கல் அன்று, செயல்திறம் மிக்க ஆற்றல் என்னும் விளக்கத்தை அவர் வாயிலாகவே கேட்டார். அத்துடன் நில்லாது, சாதி முறையையே தாங்கள் ஏன் எதிர்க்கவில்லை என்றும் வினவினார். விருந்தினராக வந்த இடத்தில் இத்தகைய வினாவை எழுப்பத் துணிவு வேண்டும்.

மைசூருக்கு அருகே, தீண்டத்தகாதோர் எனப்பட்டவர்களின் பிள்ளைகள் பயின்ற பள்ளியொன்றுக்கும் அவரை அழைத்தனர். அப்பள்ளித் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவரும் ஒரு தீண்டத்தகாதவரே என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். மேய்ஸ் திகைத்தார், சினமும் கொண்டார். முனைவர் பட்டம் பெற்ற தம்மையா அவ்வாறு கூறுவது? ஆனால் அச்சினம் நீடிக்கவில்லை. அமெரிக்கத் தென் மாநிலங்களின் உணவகங்களிலும் இரயில் பெட்டிகளிலும் தம் நிலை வேறென்ன என்று எண்ணிப் பார்த்ததும், தலைமையாசிரியர் சொன்னது உண்மையே என உணர்ந்தார். பின்னாளில் தம் வரலாற்று நூலில் இதனை அவர் மறைக்காமல் எழுதியுள்ளார்.

1940இல் மோர்ஹவுஸின் தலைவரானார். கல்லூரி அப்போது பொருள் நலிவுற்றிருந்தது. கட்டணம் செலுத்தாத மாணவர்களை மேய்ஸ் விடாது துரத்தியதால், அவர்கள் அவருக்கு ‘பக் பென்னி’ என்று பட்டப்பெயரே சூட்டினர். அன்று அதனைக் கேலியாகச் சொன்ன மாணவர் பலர் பிற்காலத்தில் அதே பெயரை அன்போடு நினைவுகூர்ந்தனர். செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் மாணவர்முன் உரையாற்றுவார். கறுப்பர்கள் தனிப்படியேறி மேல்மாடத்தில் அமரவேண்டிய படக்கொட்டகைகளுக்குக் காசு கொடுத்துச் செல்லாதீர்கள், அவமானத்தை விலைகொடுத்து வாங்காதீர்கள் என்று இடித்துரைப்பார். சட்டம் நம்மைக் கட்டலாம், உள்ளத்தைக் கட்ட நாம் இசையவேண்டியதில்லை என்பதே அவர் சொற்பொழிவுகளின் உட்பொருள்.

உலகப் போரின்போது மாணவர் பலர் படைக்குச் சென்றனர், வகுப்புகள் வெறிச்சோடின. அதனால் பள்ளியிறுதி ஆண்டை எட்டாத இளைஞர்களையும் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொண்டனர். அவ்வாறு 1944இல் பதினைந்தே வயதில் வந்து சேர்ந்தவர்தாம் மார்ட்டின் லூதர் கிங். செவ்வாய் உரைகளைக் கேட்டு, பின்னர்த் தலைவரின் அறைக்கே சென்று அவருடன் வாதிடுவது அந்த இளைஞரின் வழக்கம்.

1956ஆம் ஆண்டு பிப்ரவரியில், மான்ட்கமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பின் பொருட்டுக் கிங்கின்மீது குற்றம் சாட்டப்பட்டது. அட்லாண்டாவிலிருந்த அவர் தந்தையார், மகனின் உயிருக்கு அஞ்சி, நகரப் பெரியோர்களைத் தம் இல்லத்தில் கூட்டினார். திரும்பிப் போகவேண்டாம் என்பதே அங்கிருந்தோர் பேச்சாக இருந்தது. தோழர்கள் சிறைசெல்லும்போது தாம் ஒளிந்திருத்தல் தகாது என்றார் கிங். பின்னர் அமைதி நிலவியது. அவ்வமைதியில் மேய்ஸ் தம் மாணவருக்கு ஆதரவாகப் பேசினார். தந்தையாரின் சொல்லை மீறி ஆரஞ்ச்பர்க்கில் தங்கிப் படித்த அதே மேய்ஸ்தாம் இவர் என்பதை நினைவிற் கொள்க.

இருவருள் எவர் முந்தி மறைந்தாலும் மற்றவர் இரங்கலுரை ஆற்றுவது என்று ஓர் உடன்பாடு அவர்களிடையே இருந்தது. 34 ஆண்டு மூத்தவரான மேய்ஸ், தமக்கே அவ்வுரை முதலில் தேவைப்படும் என எண்ணியிருப்பார். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், சுட்டுக் கொல்லப்பட்ட மாணவரின் பேழைக்கு முன்னே, மோர்ஹவுஸ் வளாகத்தில் திரண்டிருந்த மாபெருங் கூட்டத்தினரிடையே, 73 வயது ஆசிரியர் நின்று பேசினார்.

அதற்கு முந்திய ஆண்டே கல்லூரிப் பொறுப்பிலிருந்து அவர் ஓய்வு பெற்றிருந்தார். ஆயினும் அட்லாண்டா நகரக் கல்விக் கழகத்திற்குத் தேர்தலில் நின்று வென்று, 1970 முதல் 1981 வரை அதன் தலைவராகப் பணியாற்றினார். கறுப்பர் ஒருவர் அப்பொறுப்பேற்றது அதுவே முதன்முறை. 1973இல் அங்கு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது: இனங்களைக் கலப்பதற்காகப் பிள்ளைகளைப் பேருந்தில் வெவ்வேறு வட்டாரப் பள்ளிகளுக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொள்வது, அதற்கு ஈடாகக் கல்வி நிருவாகத்தின் உயர்பதவிகளைக் கறுப்பர்களுக்கு அளிப்பது. மேய்ஸ் அதனை ஆதரித்தார். அவருடைய நண்பர்களிலேயே சிலர் வன்மையாகக் கண்டித்தனர். அது சரியா தவறா என்று இன்றும் வாதிடுகின்றனர். எண்பது வயதை நெருங்கியும் பழிக்கு அஞ்சி ஒதுங்காமல் முடிவெடுக்கும் இடத்தில் அவர் அமர்ந்திருந்தார் என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம்.

1984ஆம் ஆண்டு மார்ச்சு 28ஆம் நாள் அட்லாண்டாவில் மேய்ஸ் மறைந்தார். பருத்தி வயல்களிடையே அவர் பிறந்த சிறிய பலகை வீட்டைப் பிற்காலத்தில் கிரீன்வுட் நகருக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமாக்கியுள்ளனர்.