தொழில் கற்றவர்க்குக் கனடா வைத்திருக்கும் கதவு

அயல்நாட்டில் வேலை கிடைப்பது வேறு. அயல்நாட்டில் நிலைத்து வாழும் உரிமை கிடைப்பது வேறு. வளைகுடா நாடுகளுக்குப் போகும் நம் ஊர் வெல்டரும் எலக்ட்ரீஷியனும் பெறுவது முதலாவதையே. ஒப்பந்தம் முடிந்தால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இருபது ஆண்டு அங்கு உழைத்தவரும் முதுமையில் ஊர் திரும்பத்தான் வேண்டியிருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளோ தச்சரையும் குழாய்ப் பணியாளரையும் மனைவி மக்களோடு வந்து தங்கச் சொல்லும் திட்டங்களை வைத்துள்ளன. அவற்றுள் கனடாவின் முறையை மட்டும் ஈண்டு ஆராய விழைகிறேன்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். ‘பி.ஆர்.’ என்பதை நம்மவர் பலரும் நிரந்தரக் குடியுரிமை என்று எழுதுகிறார்கள். அது குடியுரிமை அன்று, நிரந்தர வசிப்புரிமை. அதைப் பெற்றவர் எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம். மாநில அரசின் மருத்துவக் காப்பீடு உண்டு. குழந்தைகள் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கலாம். வாக்குரிமை மட்டும் இல்லை. கடவுச்சீட்டும் இந்தியக் கடவுச்சீட்டுதான். ஐந்து ஆண்டுக் காலத்தில் 730 நாள்களாவது அந்நாட்டில் இருந்தாக வேண்டும். 1,095 நாள்கள் இருந்தவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

கனடாவின் கதவு என்றும் திறந்திருந்ததில்லை. 1914-இல் 376 பயணிகளோடு வாங்கூவர் துறைமுகத்தை அடைந்த ‘கோமகட்ட மாரு’ கப்பலின் கதை வரலாற்று மாணவர் அறிந்ததே. இனத்தைப் பார்த்துத் தேர்ந்த முறை 1962-இல்தான் பெரும்பாலும் நீங்கிற்று. 1967-இல் மதிப்பெண் முறை வந்தது. நூற்றுக்கு 50 பெற்றவருக்கு அனுமதி. அதில் கல்விக்கு 20. தொழிலின் தேவைக்கு 15. தொழில் திறனுக்கு 10. பட்டம் இல்லாத நல்ல கடைசல் தொழிலாளி ஒருவர் அந்நாளில் தேறிவிட முடியும். 2002-ஆம் ஆண்டுச் சட்டமோ இதை மாற்றியது. தொழிலின் தேவைக்கு மதிப்பெண் என்பதே போயிற்று; கல்விக்கு 25, மொழிக்கு 24 என்றாயிற்று. பட்டதாரி எளிதாக நுழைந்தார். பாலம் கட்டுகிறவர் வெளியில் நின்றார். கட்டடத் தொழிலிலும் எண்ணெய் வயல்களிலும் ஆள் பற்றாக்குறை உறைத்த பிறகே, 2013 ஜனவரி 2 அன்று, தொழில் கற்றவர்க்கென்று தனித் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. முதலாண்டில் 3,000 விண்ணப்பங்களுக்கு மேல் ஏற்பதில்லை என்று வரம்பும் கட்டினார்கள்.

இத்திட்டத்தின் விதிகளை நான் படிக்கத் தொடங்கியது என் தமையனாரின் பொருட்டு. அவர் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் பயின்றவர். கத்தாரிலும் துபாயிலுமாக ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவர். விதிகள் மேற்போக்காகப் பார்க்கையில் எளியவையே. பட்டம் வேண்டாம், பள்ளியிறுதிச் சான்றுகூடக் கட்டாயமில்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டு, அதாவது 3,120 மணி நேரம், அத்தொழிலில் கூலிக்கு வேலை செய்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஐ.இ.எல்.டி.எஸ். பொதுப் பயிற்சித் தேர்வில் பேசுவதற்கும் கேட்பதற்கும் 5, எழுதுவதற்கு 4, வாசிப்பதற்கு 3.5 பெற்றால் போதும். வெல்டர், தச்சர், மின்பணியாளர், கனரக இயந்திரம் பழுது பார்ப்பவர் மட்டுமல்லர். சமையற்காரரும் ரொட்டி சுடுபவரும் இறைச்சி வெட்டுபவரும்கூட இப்பட்டியலில் உள்ளனர். (நம் ஊர் ஓட்டல் மாஸ்டர்கள் கவனிக்க!)

இடர்ப்பாடு நான்காவது விதியில் இருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாத முழுநேர வேலை தருவதாகக் கனடா நாட்டு முதலாளியின் முறையான உறுதி வேண்டும். அல்லது கனடாவின் மாநிலம் ஒன்று வழங்கிய தொழில் தகுதிச் சான்று வேண்டும். நம் ஐ.டி.ஐ. சான்றிதழ் இவ்விரண்டில் எதுவும் ஆகாது. மாநிலத் தகுதிச் சான்றுக்கோ முதலில் அனுபவத்தை மதிப்பிடச் செய்து, பிறகு தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பெரும்பாலும் அந்நாட்டுக்கே போயாக வேண்டும். ஆற்றைக் கடக்கப் படகுச் சீட்டு வேண்டும். சீட்டு விற்பதோ அக்கரையில்!

இவ்விதிகளை நிறைவு செய்தவர் உள்ளே போய்விடுவதும் இல்லை. 2015 ஜனவரி முதல் ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்னும் முறை வந்தது. தகுதி உடையவர் அனைவரும் ஒரு பொது வரிசையில் நிற்கிறார்கள். மொத்தம் 1,200 என்னும் அளவில் மதிப்பெண் இடப்பட்டு, மேலே உள்ளவர்கள் மட்டும் அவ்வப்போது அழைக்கப்படுகிறார்கள். தகுதி பெறுதல் ஒன்று, தெரிவு பெறுதல் வேறொன்று. தரகர்கள் முன்னதைச் சொல்லிப் பின்னதை மறைத்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணமாகாத, 30 வயதுள்ள வெல்டர் ஒருவர். மாநிலத் தகுதிச் சான்றை எப்படியோ பெற்றுவிட்டார் என்று கொள்வோம். வயதுக்கு 105. படிப்பு பள்ளியிறுதி அளவே என்று மதிப்பிடப்பட்டால் 30. மேற்சொன்ன குறைந்த அளவு ஆங்கிலத்துக்கு நான்கு திறன்களிலும் ஆறு ஆறாக 24. அந்த அளவு ஆங்கிலத்தோடு தகுதிச் சான்றுக்கு மதிப்பெண் இல்லை. ஆக 159. வெளிநாட்டில் பத்து ஆண்டு வேலை செய்தது இக்கணக்கில் ஒரு மதிப்பெண்ணும் தருவதில்லை. ஆங்கிலம் உயர்ந்தால்தான் அந்த அனுபவமும் எண்ணப்படும். அவரே நான்கு திறன்களிலும் 6 வாங்கட்டும். மொழிக்கு 68, அனுபவத்துக்கு 25, சான்றுக்கு 50; மொத்தம் 278. கேட்பதில் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் மொழிக்கு 124, அனுபவத்துக்கு 50, மொத்தம் 359. பற்றவைக்கும் கை ஒன்றே. அதன் விலையை 159-இலிருந்து 359-ஆக உயர்த்தியது ஆங்கிலம்.

அந்த 359-ஆவது போதுமா? பொது அழைப்புகளில் 2023-ஆம் ஆண்டு ஐந்நூறை ஒட்டிய மதிப்பெண் தேவைப்பட்டது. அவ்வாண்டுதான் தொழிற்பிரிவினரை மட்டும் தனியே அழைக்கும் வழக்கம் தொடங்கிற்று. ஆகஸ்ட் 3 அன்று நடந்த அதன் முதல் சுற்றில் 1,500 பேர் அழைக்கப்பட்டனர். கடைசி மதிப்பெண் 388. 2024 அக்டோபரில் அது 433 ஆயிற்று. நம் வெல்டர் ஆங்கிலத்தில் வல்லவராகியும் 74 மதிப்பெண் குறைவாகவே நிற்கிறார். ஏற்கெனவே கனடாவில் தற்காலிக அனுமதியில் வேலை பார்ப்பவர்க்கு அந்நாட்டு அனுபவத்துக்கென்று தனி மதிப்பெண் உண்டு. ஆகவே அவர் முந்திக்கொள்கிறார். கைத்தொழிலாளருக்குத் தனிக் கதவு திறந்தார்கள். ஆனால் உள்ளே அவரை அளப்பது படிப்பாளிக்கு வைத்த அளவுகோல்தான் என்பது என் கருத்து.

இந்நிலையில் உண்மையான வழி மாநிலங்கள் வழியே செல்கிறது. மாநிலம் ஒன்று ஒருவரைப் பரிந்துரைத்தால் 600 மதிப்பெண் கூடுகிறது. 159 உடையவர் 759 ஆகி வரிசையின் தலைமாட்டுக்குப் போய்விடுவார். மானிடோபா மாநிலம் 1998-இல் முதன்முதல் தொடங்கிய இம்முறையைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. கியூபெக் மட்டும் தனக்கென வேறு தெரிவுமுறை வைத்திருக்கிறது. டொரண்டோவில் நம் தமிழ் மக்கள் நிறைய இருக்கிறார்கள் என்று எல்லாரும் அங்கேயே பார்வையைச் செலுத்துகிறார்கள். ஆனால் ஆள் தேடுகிற சிறு மாநிலங்களையும் ஊர்களையும் பார்ப்பதே அறிவுடைமை. குளிர் மைனஸ் முப்பதுக்குப் போகும் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்கவேண்டும்.

தொழில் உரிமம் வழங்குவதும் மாநிலத்தின் அதிகாரமே. மின்பணியாளரும் குழாய்ப் பணியாளரும் ஒன்டாரியோவில் உரிமமின்றி வேலை செய்யக்கூடாது. வெல்டருக்கு அங்கு அது கட்டாயமில்லை. ஆல்பெர்ட்டாவில் வெல்டருக்கும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும் இத்தொல்லைக்கு மருந்தாக ‘ரெட் சீல்’ என்னும் பொதுத் தேர்வு வைத்திருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களுக்கு அத்தேர்வு உண்டு. நூற்றுக்கு 70 எடுத்தால் அந்த முத்திரை எல்லா மாநிலங்களிலும் செல்லும். கொடுத்த விடைகளுள் சரியானதைத் தெரிவு செய்யும் எழுத்துத் தேர்வு அது. சுடரின் நிறம் பார்த்தே வெப்பம் சொல்லும் வெல்டரும் வினாத்தாளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வாசித்துத்தான் தேறவேண்டும்.

ஆவணங்கள் பற்றியும் சொல்லவேண்டும். அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் பயனில்லை. என்னென்ன வேலை செய்தார், வாரத்துக்கு எத்தனை மணி, என்ன ஊதியம், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பனவெல்லாம் நிறுவனத்தின் தாளில் இருக்கவேண்டும். வளைகுடா சென்ற நம்மவர் பலருடைய விசாவில் ‘லேபர்’ என்றுதான் அச்சிட்டிருக்கும். பார்த்ததோ குழாய் வெல்டிங். அங்கே வேலையில் இருக்கும்போதே கடிதத்தை வாங்கிவிடுதல் நலம். என் தமையனாருக்குக் கத்தார்க் கடிதம் வந்துவிட்டது; துபாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டதால் ஊதியச் சீட்டுகளையும் வங்கிக் கணக்குத் தாள்களையும் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாலையில் ஆங்கில வகுப்புக்கும் போகிறார். 24-க்கும் 124-க்கும் உள்ள இடைவெளியைத் தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் இசைந்தார்.

தரகர் ஒருவர் எட்டு லட்சம் ரூபாய்க்கு ‘உறுதியான வேலைக் கடிதம்’ தருவதாக எங்கள் வீட்டுக்கே வந்தார். வேலைக் கடிதத்துக்கு முன்னர்ச் சில நூறு தொழில்களில் 50 மதிப்பெண்ணும் உயர் பதவிகளுக்கு 200-உம் இருந்தன. அக்கடிதங்கள் விலைக்கு விற்கப்படுவதைத் தடுக்கவே 2025 மார்ச் 25 முதல் அம்மதிப்பெண்களைக் கனடா அரசு நீக்கிவிட்டது. இதை நான் சொன்னதும் அவர் நியூசிலாந்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கனடா நாட்டுச் சட்டப்படி, கட்டணம் பெற்றுக்கொண்டு குடியேற்ற ஆலோசனை கூற உரியவர் அந்நாட்டு வழக்கறிஞர்களும் உரிமம் பெற்ற ஆலோசகர்களும் அவர்களைப் போன்ற சிலருமே. ஆலோசகர்களின் பெயர்ப்பட்டியலை அவர்களுடைய ஒழுங்காற்று நிறுவனம் யாவரும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவரின் பெயர் அதில் இல்லை.