விளையாட்டு மெதுவாக இறங்குகிறதா? காவலை அணைக்க வேண்டாம்

பல இல்லங்களில் கணினி ஒன்றுதான். பகலில் பிள்ளைகள் அதில் விளையாடுகின்றனர். இரவில் பெற்றோர் அதே கணினியில் வங்கிக் கணக்கைப் பார்க்கின்றனர், மின்கட்டணம் செலுத்துகின்றனர். புதிய விளையாட்டைப் பதிவிறக்கும்போது வேகம் குறைந்தால், "ஆன்டிவைரஸை அணைத்துவிடு" என்னும் அறிவுரை எளிதில் கிடைக்கிறது. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், காவலை முழுவதும் அணைக்காமலே வேகத்தைப் பெற இயலும். அவ்வழியை இங்கே விளக்குகிறோம்.

முதலில் ஒரு கணக்கு

இணைய நிறுவனங்கள் வேகத்தைப் பிட் அளவில் கூறுகின்றன. ஸ்டீம் போன்ற விளையாட்டுச் செயலிகள் வழக்கமாகப் பைட் அளவில் காட்டுகின்றன. 8 பிட் சேர்ந்தது 1 பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 எம்பிக்கு மேல் வாராது. 50 ஜிபி விளையாட்டு முழு வேகத்தில் இறங்கவும் ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். உங்கள் வேகம் இதை ஒட்டியிருந்தால் குறை ஏதுமில்லை.

தாமதம் எங்கே?

விளையாட்டுகள் சுருக்கப்பட்ட துண்டுகளாக வந்து, கணினியில் விரிக்கப்பட்டு, ஏராளமான கோப்புகளாக எழுதப்படுகின்றன. அவற்றை ஆன்டிவைரஸ் உடனுக்குடன் சோதிப்பதால் தாமதம் நேரலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். பதிவிறக்கத்தின்போது 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்பது சிபியுவில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டால், விண்டோஸின் காவல் மென்பொருளே காரணமாக இருக்கக்கூடும். இல்லையெனில் வைஃபைக்கு மாற்றாகக் கம்பிவழி இணைத்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் செக்யூரிட்டியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்‌ஷன்' பகுதிக்குச் சென்று, 'மேனேஜ் செட்டிங்ஸ்' வழியாக 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்து, விளையாட்டுக் கோப்புறையை மட்டும் சேருங்கள். ஸ்டீமில் அதன் பெயர் 'ஸ்டீம்ஆப்ஸ்'.

2. 'டவுன்லோட்ஸ்' கோப்புறையையோ 'சி' டிரைவ் முழுவதையுமோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். மின்னஞ்சலிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுக்கும் கோப்புகள் அங்கேதான் வந்து சேர்கின்றன.

3. ஃபயர்வாலை அணைக்காமல், அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் விளையாட்டுச் செயலியைச் சேருங்கள். 'பிரைவேட்' கட்டத்தில் மட்டும் குறியிடுங்கள். 'பப்ளிக்' கட்டத்தை விட்டுவிடுங்கள்.

4. பதிவிறக்கம் முடிந்ததும் விலக்கை நீக்கி, அக்கோப்புறையை ஒருமுறை சோதியுங்கள். விலக்கு நீடிக்கும்வரை அங்குள்ள கோப்புகள் உடனடிச் சோதனைக்கு உட்படமாட்டா.

இவ்வளவு கவனம் ஏன்?

இலவசமாகக் கிடைக்கும் திருட்டு விளையாட்டுப் பிரதிகள் பல, நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கின்றன. அவற்றுள் விசை அழுத்தங்களைப் பதிவுசெய்யும் மென்பொருள் மறைந்திருக்கலாம். பிள்ளை விளையாடி முடித்தபின் தந்தை தட்டச்சு செய்யும் நெட்பேங்கிங் கடவுச்சொல் அதன் வழியே வெளியேறிவிடும். ஆகவே விளையாட்டுகளை அதிகாரப்பூர்வத் தளங்களிலிருந்து மட்டும் பெறுங்கள். பிள்ளைகளுக்கு நிர்வாகி உரிமையற்ற தனிப் பயனர் கணக்கு அமைத்துக் கொடுங்கள்.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனை கணக்கில் தென்பட்டால், உடனே வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். மூன்றாம் நபரின் ஊடுருவலால் நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவிக்கும் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை கூறியது. வாடிக்கையாளரின் கவனக்குறைவே காரணமெனில், புகார் அளிக்கும்வரை நேரும் இழப்பு அவரையே சாரும் என்றும் அது கூறியது. எனவே தாமதமின்றித் தெரிவியுங்கள்.