நன்னிலத்து வானில் வெடித்தது எது?

நன்னிலம், பேரளம், குடவாசல் பக்கத்துக்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம். திடீரென்று ஒரு ‘டமார்’. சில சமயம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. ஜன்னல் கதவு அதிரும், கொட்டகையில் மாடு மிரண்டு எழும், தெருவே வெளியில் வந்து அண்ணாந்து பார்க்கும். வானத்தில் ஒன்றும் இருக்காது. முதல் சந்தேகம் ஓ.என்.ஜி.சி. மேல் விழும். 2017-இல் கதிராமங்கலத்தில் அதன் எண்ணெய்க் குழாய் கசிந்ததைக் காவிரி டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. ஆகவே அந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. அடுத்தது நிலநடுக்கம். சாயங்காலத்துக்குள் மாவட்ட நிர்வாகத்திலிருந்து “விமானப்படைப் பயிற்சி, பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம்” என்று இரண்டு வரி வரும். எந்த விமானம், எவ்வளவு உயரம், எத்தனை மணிக்கு, ஒன்றும் இருக்காது. அந்த வெற்றிடத்தில்தான் ராத்திரி வாட்ஸ்அப்பில் மூன்றாவது கதை கிளம்புகிறது: தஞ்சாவூரில் ரகசியமாக, ஒலியைப் பல மடங்கு முந்தும் ஒரு ‘ஹைப்பர்சானிக்’ போர் விமானம் பறக்கிறதாம்.

சத்தம் உண்மை. மற்றதைப் பார்ப்போம்.

நம்பிக்கை: இவ்வளவு பெரிய சத்தம் சாதாரணப் போர் விமானத்தால் வராது.

வரும். எழுபது வருஷமாக உலகம் முழுக்க வந்துகொண்டுதான் இருக்கிறது.

தஞ்சாவூர் விமானதளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டது. நெடுங்காலம் தூங்கிக்கிடந்த ஓடுபாதையைச் சீரமைத்து 2013 மே மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி திறந்துவைத்தார். 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு 222-ஆவது படைப்பிரிவு அங்கே நிலைகொண்டது. ‘டைகர் ஷார்க்ஸ்’ என்பது அதன் பெயர். இந்தச் சுகோய் ஒலியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வரை போகும். தளத்திலிருந்து நன்னிலம் நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. ஒன்றரை மடங்கு ஒலிவேகத்தில் வந்தாலே இரண்டரை நிமிஷத்துக்குள் கடந்துவிடும்.

ஒலியை முந்திப் போகும் விமானம் தனக்கு முன்னால் இருக்கும் காற்றுக்கு ஒதுங்க நேரம் கொடுப்பதில்லை. காற்று நெருக்குண்டு அதிர்ச்சி அலையாகிறது. மூக்கில் ஒன்று, வாலில் ஒன்று. அதனால்தான் ‘டமார், டமார்’ என்று இரட்டையாகக் கேட்கிறது. இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் சில சமயம் ஒன்றாகவே காதில் விழும். இதற்குப் பெயர் சோனிக் பூம். ஒலிவேகத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் மட்டும் ஒரு தடவை வெடிக்கிறது என்று படித்தவர்களே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. நாகப்பட்டினம் கடலில் ஒரு விசைப்படகு வேகமாகப் போனால் அதன் அலை படகு கடந்த பிறகு கரைக்கு வந்து மோதுகிறதல்லவா, அதே கதைதான். விமானம் ஒலியை மிஞ்சிப் பறக்கும் நேரமெல்லாம் இந்த அலை அதன் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. ஒவ்வோர் ஊரையும் ஒரு முறை அறைந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறது. பேரளத்துக்காரர் கேட்டதற்குச் சற்றுப் பின்னால் நன்னிலத்துக்காரர் கேட்டிருந்தால், விமானம் போன திசையைக்கூட ஊகிக்கலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து சத்தம் இறங்கி வருவதற்குள் விமானம் எங்கோ போயிருக்கும். அண்ணாந்து பார்க்கும்போது வானம் வெறுமையாக இருப்பதில் மர்மம் இல்லை.

“கடலுக்கு மேல்தானே பயிற்சி என்கிறார்கள், நம்மூரில் ஏன் கேட்கிறது?” இது நல்ல கேள்வி. சத்தம் விழும் பாதையின் அகலத்துக்கு நாசா ஒரு கணக்கு வைத்திருக்கிறது: ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறக்குறைய ஒரு மைல். 36,000 அடியில் பறந்தால் 36 மைல். அதாவது இரு பக்கமும் சுமார் 29 கிலோமீட்டர். காரைக்கால் கடற்கரையிலிருந்து நன்னிலம் சுமார் 25 கிலோமீட்டர்தான். கரையோரக் கடலை ஒட்டிப் பறந்தாலே நம் ஜன்னல் ஆடும்.

2020 மே 20 அன்று பெங்களூரில் இதே கூத்து நடந்தது. பட்டப்பகலில் நகரமே அதிர்ந்தது. நிலநடுக்கமா என்று கேட்டதற்கு இல்லை என்றார்கள். மாலையில் பாதுகாப்புத் துறை விவரமாகவே சொன்னது. விமானப்படையின் சோதனை நிலையத்தைச் சேர்ந்த விமானம், நகர எல்லைக்கு வெளியே பறந்தது, 36,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது சத்தம் எழுந்திருக்கலாம், 65 முதல் 80 கிலோமீட்டர் தள்ளியிருப்பவருக்குக்கூடக் கேட்கும் என்றெல்லாம் சொன்னார்கள். நம் திருவாரூர் மாவட்டத்துக்கும் இப்படி நாலு எண்ணைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? பாதி வதந்தி அன்றைக்கே படுத்துவிடும்.

நம்பிக்கை: வேகம் கூடக்கூடச் சத்தமும் கூடும். ஆகவே பெரிய சத்தம் என்றால் ஹைப்பர்சானிக்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் விழும் அறையைத் தீர்மானிப்பதில் வேகத்தைவிட உயரத்துக்கும் விமானத்தின் உருவத்துக்கும் எடைக்கும்தான் பங்கு அதிகம். கான்கார்டு பயணிகள் விமானம் இரண்டு மடங்கு ஒலிவேகத்தில், 52,000 அடியில் பறந்தபோது தரையில் ஏற்பட்ட அழுத்தம் சதுர அடிக்கு 1.94 பவுண்டு. அமெரிக்காவின் எஸ்.ஆர்-71 உளவு விமானம் மூன்று மடங்கு வேகத்தில், 80,000 அடியில் பறந்தபோது வெறும் 0.9 பவுண்டு. வேகமானதுதான் மெதுவாக அறைந்திருக்கிறது. ஹைப்பர்சானிக் என்பது ஒலியைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும். அது பறப்பது இன்னும் மேலே, 25, 30 கிலோமீட்டர் உயரத்தில். நன்னிலத்தில் ஜன்னல் உலுக்கும் சத்தம் கேட்டால், தாழப் பறந்த சாதாரண விமானத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

நம்பிக்கை: இந்தியா அப்படியொன்றை வைத்திருக்கிறது, மறைக்கிறார்கள்.

வைத்திருப்பதை மறைக்கவில்லை, செய்தியாகவே வெளியிட்டிருக்கிறார்கள். 2016 மே 23 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய இறக்கை வைத்த ஆர்.எல்.வி. சோதனைக் கலம் 65 கிலோமீட்டர் உயரம் ஏறி, ஐந்து மடங்கு ஒலிவேகத்தில் திரும்பி, வங்கக் கடலில் விழுந்தது. ஆளில்லை. டி.ஆர்.டி.ஓ.வின் எச்.எஸ்.டி.டி.வி. சோதனைக் கலம் 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து போனது. அக்னி ஏவுகணையின் உந்துபொறி அதை 30 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் விட்ட பிறகு, ஸ்கிராம்ஜெட் எஞ்சின் எரிந்து ஆறு மடங்கு வேகத்தில் இருபது விநாடிக்குச் சற்று அதிகமாகப் பறந்தது. 2024 நவம்பரில் சோதித்த 1,500 கிலோமீட்டருக்கு மேல் போகும் ஹைப்பர்சானிக் ஆயுதமும் ஏவுகணைதான், விமானம் அல்ல. ஓடுபாதையில் ஓடி எழும்பி, வேலை முடித்து, திரும்பி வந்து இறங்கும் ஹைப்பர்சானிக் போர் விமானம் எந்த நாட்டிடமும் இருப்பதற்குச் சான்று இல்லை. ஆளை வைத்துக்கொண்டு 1967-இல் 6.7 மடங்கு வேகம் தொட்ட அமெரிக்காவின் எக்ஸ்-15கூட ராக்கெட் எஞ்சினில்தான் பறந்தது. அதையும் இன்னொரு விமானம்தான் மேலே சுமந்து போய் விட்டது.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து மடங்கு வேகம் என்றால் அந்த உயரத்தில் விநாடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். விமானம் 60 டிகிரி சாய்ந்து திரும்பினாலும் வட்டத்தின் விட்டம் 260 கிலோமீட்டருக்கு மேல் வரும். நன்னிலத்துக்கும் சென்னைக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய அவ்வளவுதான் தூரம். தஞ்சாவூர்க்காரன் இதை ‘டெல்டாவில் வட்டமடித்துப் பயிற்சி’ என்று சொல்வானேயானால் அவனுக்கு வேறு டெல்டா வேண்டும். போதாததற்கு முன்பகுதி ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும்; அகச்சிவப்பில் அது வானத்தில் ஒரு விளக்கு. இப்படிப்பட்ட வெப்பத்தைத் தேடியே அமெரிக்காவும் மற்றவர்களும் செயற்கைக்கோள் நிறுத்தியிருக்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவிடம் மறைக்கலாம், அவற்றிடம் முடியாது.

நம்பிக்கை: அமெரிக்காவிடம் ‘அரோரா’ இருந்ததே!

இந்த வாதத்தின் தாய்வீடு அங்கேதான். 1980-களின் நடுவில் அமெரிக்கப் பாதுகாப்பு பட்ஜெட் ஆவணம் ஒன்றில் ‘அரோரா’ என்ற பெயரில் ஒரு ஒதுக்கீடு தலைகாட்டியது. எஸ்.ஆர்-71-க்கு 1990-இல் ஓய்வு கொடுத்ததும், ‘அதைவிட வேகமான ஒன்று வந்துவிட்டது’ என்று பேச்சு பரவியது. 1991, 92-இல் தெற்குக் கலிபோர்னியாவின் நிலநடுக்கக் கருவிகள் வானத்திலிருந்து வந்த அதிர்வுகளைப் பதிவு செய்தபோது பேச்சு உறுதியானதுபோல் ஆயிற்று. நம்மூர்க் கதையின் அச்சு அசல் அதே வார்ப்பு. எஸ்.ஆர்-71-ஐக் கட்டிய லாக்ஹீட் நிறுவனப் பிரிவின் தலைவராயிருந்த பென் ரிச், 1994-இல் வந்த தன் நூலில், அது பி-2 குண்டுவீச்சு விமானப் போட்டிக்கான நிதியின் சங்கேதப் பெயர்தான் என்று எழுதினார். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அப்படியொரு விமானத்தின் ஒரு துண்டுகூட வெளியே வரவில்லை.

இங்கே நம்புகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ரகசிய விமானங்கள் உண்மையிலேயே இருந்தன. எஃப்-117 1981-இல் பறந்தது, 1988-இல்தான் ஒப்புக்கொண்டார்கள். 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த பறக்கும்தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் அமெரிக்க உளவு விமானங்களால் வந்தவை என்று சி.ஐ.ஏ.வின் இதழிலேயே 1997-இல் ஒரு கட்டுரை வந்தது. ‘அரசாங்கம் மறைக்காது’ என்பது என் கட்சியல்ல. இந்தச் சத்தத்துக்கு மறைக்க வேண்டிய பொருள் தேவைப்படவில்லை என்பதுதான்.

நம்பிக்கை: பிரமோஸ் ஏவுகணை ஹைப்பர்சானிக். இல்லை. தஞ்சாவூர் சுகோய் சுமக்கும் பிரமோஸின் வேகம் ஒலியைப்போல் சுமார் 2.8 மடங்கு.

நம்பிக்கை: வீட்டில் விழுந்த விரிசலெல்லாம் அந்தச் சத்தத்தால்தான்.

1964-இல் அமெரிக்க அரசு ஓக்லஹோமா நகரத்தையே சோதனைக்கூடமாக்கியது. ஆறு மாதத்தில் 1,253 தடவை வேண்டுமென்றே சோனிக் பூம் போட்டார்கள், அன்றைய சாதாரணப் போர் விமானங்களை வைத்து. உயரமான கட்டடங்களில் கண்ணாடி உடைந்தது. மக்களில் கால்வாசிப் பேருக்கு மேல், இதோடு வாழ முடியாது என்றார்கள். ஆனால் நஷ்டஈடு கேட்டவர்களில் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். விரிசல் முன்பே இருந்ததா, அன்றைக்கு விழுந்ததா என்று நிரூபிப்பது எளிதல்ல. கோடையில் வெடித்து மழையில் உப்பும் டெல்டாவின் களிமண்ணில் நிற்கும் சுவருக்கு விரிசல் விட வேறு காரணமே வேண்டாம்.

உண்மையாகவே கண்ணாடி போனால், நேரம், சத்தம் ஒன்றா இரண்டா, எந்தப் பக்கத்து ஜன்னல் என்று குறித்து, படம் எடுத்து, வி.ஏ.ஓ.விடம் மனு கொடுங்கள். அக்கம்பக்க ஊர்களில் எத்தனை மணிக்குக் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ‘ரகசிய விமானம்’ என்ற சொல் மட்டும் மனுவில் வேண்டாம். தாலுகா அலுவலகத்தில் அதற்குத் தனிப் பதிவேடு கிடையாது.